கொக்கும் என் சட்டைப்பைச் சீட்டும்

கொக்கு என்றால் கப்பலில் எல்லோருக்கும் தெரியும். ஆள் நெடுநெடுவென்று இருப்பான், கழுத்தும் நீளம். போதாததற்கு, பயணிகளின் கட்டில் மேல் துண்டை மடித்து விதவிதமாகப் பறவையும் மிருகமும் செய்து வைப்பான். அந்தப் பெயர் ஒட்டாமல் என்ன செய்யும்? மேல் படுக்கையில் அவன், கீழ்ப் படுக்கையில் நான் என்று ஒரே அறையில் எண்பத்தோரு நாள் இருந்தோம். அவனைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதும் இல்லை.

அது நூற்றுப் பதினான்கு நாள் பயணம். முதல் வாரம் பயணிகள் கடலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். மூன்றாவது வாரம் நீச்சல் குளத்து நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள். கொக்குக்குச் சுத்தம் செய்யப் பதினாறு அறைகள், காலையும் மாலையும் இரண்டு நடை. நேற்றும் முயல், இன்றும் முயலா என்று ஓர் அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்பதற்காக, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஆமை மடிக்கப் பழகினான்.

"அந்தம்மா கேட்டா நீ யானையே செய்வ போலிருக்கே!" என்றேன்.

"செஞ்சு பாத்துட்டேண்ணே. தும்பிக்கைதான் நிக்க மாட்டேங்குது."

எனக்கு அது முதல் கப்பல். ஏறிய நாலாம் நாள் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்துக் கிடந்தேன். வாளியைக் கழுவி வைத்தவன் அவன். தன் பதினாறு அறையையும் முடித்துவிட்டு, மூன்று நாள் என் வேலையையும் யாருக்கும் தெரியாமல் பார்த்தவன் அவன். கூடப் பிறந்தவன்கூட முகம் சுளித்திருப்பான்.

என் வேலை என்ன? பணியாளர்கள் இருக்கும் அடித்தளத்தின் மேற்பார்வை. அதில் ஒரு சில்லறை வேலை, கடிகாரம் திருத்துவது. கப்பல் மேற்கே போகப்போக, நாலைந்து நாளுக்கு ஒருமுறை மணியை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். முந்தைய நாள் சாயங்காலமே மேலே இருந்து சீட்டு வரும். அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு, நடைபாதையில் இருக்கும் ஏழு சுவர்க் கடிகாரங்களையும் மாற்ற வேண்டும். ஒருமுறை குத்த மறந்து எழுத்து மூலமாக எச்சரிக்கை வாங்கியிருந்தேன். இன்னொரு தடவை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அதில் இருந்தது.

எண்பத்தோராம் நாள் நின்ற துறைமுகத்தில் கொக்கின் அக்கா இருந்தாள். அம்மா இல்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய் ஒன்பது வருடமாயிற்று. அதற்குப் பிறகு முகம் பார்க்கவில்லை. கொக்குக்கு ஒரு வாரமாகவே கால் தரையில் பாவவில்லை. ஒரே சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டான். கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்கு விடுப்பு வாங்கியிருந்தான். பணியாளர்கள் நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், நாலரைக்குக் கப்பல் கிளம்பும்.

காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, போன்ல எட்டு காட்டுது, சுவர்ல ஒம்போது. எது கணக்கு?"

"போன்தான்டா. சுவர்ல இருக்கறத நான் இன்னும் மாத்தல."

"நிச்சயமாவாண்ணே?"

"ஏன்டா, மணி மாத்தறவன் நானா நீயா? போய்த் தொலை, அக்கா காத்துக்கிட்டிருக்கும்!"

சிரித்துக்கொண்டே போனான். முந்தைய நாள் வந்த சீட்டு என் சட்டைப்பையிலேயே இருந்தது. வழக்கமான சீட்டுதானே என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பத்தரை மணிக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், பலகையில் குத்தலாம் என்று சீட்டைப் பிரித்தேன். 'இந்தத் துறைமுகத்தில் கப்பலின் நேரம் மாறாது. கரை நேரம் ஒரு மணி பின்னால்.'

கொக்கின் போன் காட்டியது கரை நேரம். அதில் நாலு ஆகும்போது கப்பலில் ஐந்து. அந்த ஊர் சிம் இல்லாததால், கரைக்குப் போய்விட்டால் அந்தப் போன் வெறும் கடிகாரம்தான், பேச முடியாது. ஆனால் விடுப்புப் பதிவேட்டில் அக்காவின் நம்பரை எழுதிவிட்டுத்தான் போயிருந்தான். பதினெட்டுப் படி ஏறினால் ஆபீஸ். "சார், தப்பாச் சொல்லிட்டேன், ஒரு போன் போடுங்க" என்றால் முடிந்தது. சீட்டு ஏன் நேற்றே பலகைக்கு வரவில்லை என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

நான் படி ஏறவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. நேற்றிலிருந்தே அங்கே இருந்தது போலச் சீட்டைப் பலகையில் குத்தினேன், அதற்கு மேல் பழைய சாப்பாட்டுப் பட்டியலின் ஓரத்தை இழுத்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு மூளை வந்ததோ! கொக்கு எப்போதும் முன்கூட்டியே வருகிறவன், வந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தை நம்பிப் போய் ஒழுங்காகத் திரும்பினார்கள். என்னை நம்பிப் போனவன் அவன் ஒருத்தன்தான்.

நாலரைக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். நான் துணி அறையில் அடுக்கிய போர்வைகளையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று மேல்தளத்தில் கைதட்டலும் விசிலும். தாமதமாக ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் பயணிகளுக்குக் கொண்டாட்டம். வட்ட ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒரு தூக்குச்சட்டியோடு, கொக்கு ஓடி வந்துகொண்டிருந்தான். சுவரில் நாலு முப்பத்தைந்து. அவன் போனில் மூணு முப்பத்தைந்துதான் ஆகியிருக்கும். பாவி, அவன் கணக்குக்கு இருபத்தைந்து நிமிடம் முன்னாலேயே வந்திருக்கிறான்.

கப்பல் விலகுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். போனைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான், மறுபடியும் போனைப் பார்த்தான். நான் ஜன்னலை விட்டு விலகிக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் பணியாளர் அதிகாரி கூப்பிட்டார். கரையில் இருக்கும் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து கொக்கு போனில் இருந்தான். அவன் இங்கிலீஷ் 'குட் மார்னிங்', 'டவல்', 'சாரி மேடம்' தாண்டாது. அதனால் மொழிபெயர்க்க நான்! அதிகாரி நல்ல மனிதர். கப்பலைத் தவறவிட்டால் வேலை போய்விடும், ஆனால் தப்பு நம் பக்கம் என்றால் அடுத்த துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். பலகையில் சீட்டு இருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொன்னார். "பிறகு ஏன் தவறவிட்டான்? கேள்."

கேட்டேன்.

"அண்ணே!" என்றான். என் குரலைக் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்துவிட்டது. "நல்லவேளை நீங்க இருக்கீங்க! காலைல உங்கள கேட்டேன்ல, போன்தான் கணக்குன்னு சொன்னீங்கல்ல, அத அப்படியே சார்கிட்ட சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு. ஊர்ல என் பொண்ணுங்க ரெண்டும் படிக்குதுன்னும் சொல்லுங்க."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். இன்றைக்கும் அதையே சொல்லித்தான் தப்பிக்கப் பார்க்கிறேன்.

"பலகையைப் பார்க்கவே இல்லையாம், சார்," என்றேன். வாய் கூசவில்லை.

அதிகாரி பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

"அண்ணே, சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்டா."

"ரெண்டு பொண்ணுங்களையும்?"

"ம்."

"போதும்ணே," என்றான் கொக்கு. "இனி எனக்குப் பயமில்ல. உங்க உதவிய சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்."