எதிர்வீட்டு அக்காவின் மஞ்சள் டின்

என் வீட்டு வாசலில், செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பால்மாவு டின் இருக்கிறது. அடியில் ஆணியால் ஓட்டை போட்டது, விளிம்பெல்லாம் துரு. அதில் ஒரு மஞ்சள் செடி. டின் என்னுடையதல்ல, எதிர்வீட்டு அக்காவுடையது. இன்று காலையில் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன், காய்ந்த பழைய இலைத்தாள்களுக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு பச்சை முளை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனைத்தான் பார்த்தேன். அக்கா போன் செய்தால் முதலில் முளை வந்ததா என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அதற்கு அடுத்து அவர் கேட்பதற்குத்தான் என்னிடம் பதில் கிடையாது.

நான் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை, பேசியும் அதிகம் பழக்கமில்லை. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் இந்த ஃபிளாட்டுக்கு வந்த புதிதில், வெளியே யாராவது நடக்கிற சத்தம் கேட்டால் அவர்கள் போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் நிற்பேன். அப்படிப்பட்டவளின் கதவைத் தட்டி, "தங்கச்சி, கங்கோங் கீரைய ஆய்ஞ்சிட்டுத் தண்ட வீசிடாத, எனக்குக் குடு," என்று கேட்டு வந்தவர்தான் அக்கா. அவர் வீட்டுச் சன்னலோரம் முழுக்க ஜாம் போத்தல்கள். வெங்காயத்தாளின் வேர், கீரைத்தண்டு, செராய் என்கிற எலுமிச்சைப் புல்லின் அடிக்கட்டை, எல்லாம் தண்ணீரில் நிற்கும். கொசு வந்துவிடும் என்று தினமும் தண்ணீரை மாற்றுவார். சமைத்து மிச்சமானதில் உயிர் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார்.

அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், வாசலில் உட்கார்ந்து இதை வைத்தே கேலி செய்வார். "தங்கச்சி, நான் செத்தா என் கால வெட்டித் தண்ணியில வெச்சிருவா இவ. திரும்ப முளைக்குதான்னு பாக்க." அக்கா உள்ளேயிருந்தே சொல்லுவார்: "உங்கள முளைக்க வெச்சு யாரு மறுபடியும் சோறு போடறது? ஒரு தடவ போதும்லா." நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அந்த வீட்டில்தான் நான் சிரிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் என் பிள்ளைகளுக்குக் கோபம் வரும்.

அவர்களுக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் இருட்டிய பிறகு வருவான். தொற்றுநோய்க்காலத்தில் அந்தப் பாலத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வேலை போய்விடக் கூடாதென்று ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டான். ரெண்டு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மீனுக்குத் தடவ அவன் கடைசியாக வாங்கிக் கொடுத்த பச்சை மஞ்சள், வெங்காயக் கூடைக்குள் கிடந்தபடியே முளைவிட்டிருந்தது. அக்கா அதை இந்த டின்னில் ஊன்றினார். "பொங்கலுக்குக் கொத்தாயிடும். அதுக்குள்ள வந்துடுவான். அவன் கையால பானையில கட்டட்டும்," என்றார்.

மழை மாதத்தில் அண்ணன் இறந்துபோனார். காலையில் கோப்பி குடித்தவர், கோப்பையைக் கீழே வைக்கவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. வேற்றூர்ச் சொந்தங்களால் சாலைத் தடுப்பைத் தாண்டி வர முடியவில்லை. மகன் போனில், "ரெண்டு நாளு வெச்சிருங்கம்மா, எழுதிப் போட்டிருக்கேன், எப்படியாச்சும் வந்துடறேன்," என்று அழுதான். அனுமதி கிடைத்தாலும் நாள்கணக்கில் தனியே அடைத்து வைத்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அது அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஃபிளாட்டில் எத்தனை நேரம் வைத்திருப்பது? சடங்கு செய்ய வந்தவர், "கொள்ளி வெக்கிறது யாரும்மா?" என்று கேட்டபோது, அந்த அறையில் நாங்கள் பெண்கள் ரெண்டு பேர்தான். அக்கா, "நான்தான்," என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அன்றைக்குப் போனோம். அக்கா சூடம் ஏற்றினார். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனுக்குள்ளிருந்து அவன், "கொஞ்சம் திருப்புங்க சின்னம்மா, அப்பா மொகம் தெரியல," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். திருப்பினேன். அதற்குள் பெட்டியை எரியுலைக்குள் தள்ளிவிட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி அவன் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எனக்காகப் பொறுக்காம நீங்க ஏம்மா கொள்ளி வெச்சீங்க?" அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் போத்தல்களுக்குத் தண்ணீர் மாற்றினார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு போன் என்று இருந்தது மாதத்துக்கு ஒன்றானது, பிறகு அதுவும் இல்லை.

பொங்கல் வந்தபோது மஞ்சள் இடுப்பளவு வளர்ந்து நின்றது. துக்க வீட்டில் பொங்கல் வைக்கக்கூடாது. என் பானைக்குக் கட்டத் தருவார் என்று நான் மனத்துக்குள் நினைத்திருந்தேன். அக்கா டின்னைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, "இது அவனுக்கு," என்றார். தாள் மஞ்சளாகிப் படுத்தது, காய்ந்தது, மழைக்கு மறுபடியும் முளைத்தது. பாலமும் திறந்தது. விடியுமுன் மோட்டார்கள் ஓடுகிற சத்தம் பழையபடி கேட்க ஆரம்பித்தது. கீழே ஏதாவது மோட்டார் நின்றால் அக்கா எட்டிப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, "லீவு குடுக்க மாட்டேங்கிறானுங்களாம்," என்பார். அவன் போனே செய்வதில்லை என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

போன வருடம் அக்கா குளியலறையில் விழுந்தார். கோத்தா திங்கியிலிருந்து அவர் தங்கை வந்து அழைத்துப் போய்விட்டார். வாடகை வீடு, காலி செய்ய வேண்டும். அதற்குத்தான் மகன் வந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. சன்னலோரத்துப் போத்தல்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். வெங்காய வேர்களெல்லாம் குப்பைப் பைக்குள் போயின. கடைசியில் இந்த டின்னைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். "சின்னம்மா, இது வேணுமா? இல்லாட்டி வீசிடறேன்."

நான் பேசத் தெரியாதவள். ஆனாலும் சொன்னேன். "வீசிடாதய்யா. அது நீ வாங்கிக் குடுத்த மஞ்சள். பொங்கலுக்கு நீ வந்து கட்டணும்னு ஊனி வெச்சாங்க. எனக்குக்கூட ஒரு கொத்து குடுக்கல."

அவன் அங்கேயே குந்தினான். பிறகு மண்ணுக்குள் விரலை விட்டு, ஒரு விரல் மஞ்சளை ஒடித்து, மண்ணைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "நீங்க கோத்தா திங்கிக்குப் போனீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "நானும் போவல," என்றான். மின்தூக்கி வந்தது, போய்விட்டான்.

இதை அக்காவிடம் போனில் சொன்னேன். "நட்டானா?" என்றார். தெரியலக்கா என்றேன். அதிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அதே ரெண்டு கேள்விதான். "மொளச்சிருச்சா?" பிறகு, "அவன் நட்டானா, கேட்டியா?" அவன் நம்பருக்கு நான் அடித்துப் பார்க்காமல் இல்லை. மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.

இந்தப் பொங்கலுக்கும் என் பானைக்குச் சந்தையில்தான் கொத்து வாங்கினேன், டின்னைத் தொடவில்லை. இன்று முளையைப் பார்த்ததிலிருந்து அந்தச் சட்டைப்பை நினைவாகவே இருக்கிறது. அதற்குள் போனதும் கூடையில் கிடந்தே முளைவிட்ட மஞ்சளின் துண்டுதான். எங்கே கிடந்தாலும் ஒரு தரம் தானாக முளைக்கும். அதற்குமேல் யாராவது மண்ணில் வைக்க வேண்டும்.