இடது தாடையில் ஒரு மச்சம்

ஆவணம் ஒன்றில் திருத்தம் செய்வதானால், பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பமும் திகதியும் இட வேண்டும். சுரண்டவோ அழிக்கவோ கூடாது. முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கந்தோரில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது. பேய்க்கும் ஆவிக்கும் அங்கே படிவம் இல்லை. படிவம் இல்லாத எதையும் நான் நம்பியதும் இல்லை. நீங்களும் நம்பத் தேவையில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற பிறகு காணொளி தொகுக்கப் பழகினேன். எங்கள் ஊர் நீர்வேலிக் கலியாணங்களை வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். மணப்பெண்ணின் பருக்களை மறைப்பதில் எனக்கு ஊரில் நல்ல பெயர். மென்பொருளில் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தோலை மென்மையாக்கும் அளவைக் கூட்டினால் போதும். ஆள் தலையைத் திருப்பினாலும் வட்டம் கூடவே போகும்.

ஒருநாள் அச்சுவேலியிலிருந்து பூமணி அக்கா வந்தார். அதற்கு முன் நான் அவரைக் கண்டதில்லை. போரின் கடைசியில் காணாமற்போன மகன் சுதனைத் தேடி அவர் ஏறாத கந்தோர் இல்லை. மகனோடு பேசுவது போல ஒரு காணொளி எடுத்து முகநூலில் போட்டால், எங்காவது இருந்தால் பார்ப்பான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் முற்றத்திலேயே எடுத்தேன். முடிந்ததும், முகத்துச் சுருக்கங்களை எடுத்துவிடச் சொன்னார்.

"வடிவுக்கோ அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"வடிவு பாத்து ஆர் தம்பி இனி என்னைக் கட்டப்போறான்? அவன் போகேக்கை எனக்கு அம்பது. இப்ப இந்தக் கிழவியை ஆரெண்டு அறியப்போறான்?"

தேநீர் கொண்டுவந்த என் மனைவி, "கவனம் அக்கா. இவர் மினுக்கினால் பெத்த தாய்க்கே கலியாணப் பொம்பிளையைத் தெரியிறேல்லை" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

காலை பதினொரு மணி, நல்ல வெயில். அளவை மெல்லக் கூட்டினேன். கண்ணடிச் சுருக்கம் போனது, கன்னத்துக் கோடுகள் போயின, ஒரு ஐம்பது வயது முகம் மேலே வந்தது. அதன் இடது தாடையில் எள்ளளவில் ஒரு கறுப்பு. தூசி என்று சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் திரையைத் துடைத்தேன். போகவில்லை. காணொளியை ஓடவிட்டால் அவர் பேசப் பேச அதுவும் தாடையோடு அசைந்தது. மூலப் பதிவைத் திறந்தேன், அதில் இல்லை. எல்லாவற்றையும் மூடி முதலிலிருந்து செய்தேன், நம்பினால் நம்புங்கள், அதே இடத்தில் அதே புள்ளி. இந்த மென்பொருள் இருப்பதை மழுப்பும், இல்லாததைக் கொண்டுவராது.

திரையைத் திருப்பிக் காட்டினேன். பூமணி அக்காவின் கை தன் தாடைக்குப் போனது.

"இதை ஆர் உங்களுக்குச் சொன்னது தம்பி?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அக்கா சொன்னார்: "எனக்கு அதிலை மச்சம் இருந்தது. அவன் போய் மூண்டு வருஷத்திலை பெருத்துப்போச்செண்டு ஆசுப்பத்திரியிலை வெட்டி எடுத்தவை. பால் குடிக்கிற காலத்திலை உந்த மச்சத்தைத்தான் நுள்ளிக்கொண்டு கிடப்பான்."

தழும்பின் நிழலை மென்பொருள் திரட்டியிருக்கலாம் என்று விளக்கம் சொன்னேன். தழும்பை நானும் தேடிப் பார்த்தேன், சுருக்கங்களுக்குள் அது தெரியவே இல்லை.

"இருக்கட்டும் தம்பி. உப்பிடியே போடுங்கோ. அதைக் கண்டால் அறிவான்."

அந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த பழைய உத்தியோகத்தர் விழித்துக்கொண்டார். சுருக்கத்தை மழுப்புவதே விதிக்குப் புறம்பு. மூலத்தில் இல்லாத அடையாளத்தைச் சேர்ப்பது போலி. நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது? உள்ளபடியே போடுவோம் அக்கா என்றேன். அவர் வாதாடவில்லை, தலையாட்டினார். பல கந்தோர்களில் இல்லை என்ற பதிலைக் கேட்டுப் பழகியவர்களின் தலையாட்டு அது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் எத்தனையோ தடவை கண்டது. மச்சம் உள்ள பிரதியை அவர் முன்னாலேயே அழித்தேன். அது ஆவணி மாதம்.

சுருக்கங்களோடு, மச்சமில்லாமல், என் தொலைபேசி இலக்கத்தோடு காணொளி போனது. மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் பகல், தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து ஒற்றை வரி:

"அம்மா, மச்சத்தை ஏன் எடுத்தனீங்கள்?"

உடனே அழைத்தேன். இலக்கம் பாவனையில் இல்லை என்றது. இன்றுவரை அப்படித்தான் சொல்கிறது. அயலவர் யாராவது விளையாடியிருக்கலாம், அக்கா மச்சத்தோடு இருந்ததைக் கண்டவர்கள் பலர் உண்டு. இதையெல்லாம் பூமணி அக்காவிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் அந்த வரியைப் பார்த்தபடியே இருந்தார்.

"நான் அண்டைக்குச் சொன்னனான்தானே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

பதில் என்றால் அனுப்புபவரின் பெயர் இருக்க வேண்டும், நம்முடைய கோப்பு இலக்கம் குறிப்பிட்டிருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. ஆனாலும் கந்தோர்களுக்கு எழுதிய கடிதங்களை அக்கா வைத்திருக்கும் கோப்பில் என் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன்: பதில் கிடைத்தது, மாசி 9.