மீனின் இருதயமும் என் வேண்டுதலும்

போன வாரம் எட்டுக்கை அம்மன் கோயிலில் ஒரு வேண்டுதல் வைத்தேன். “தாயே, அந்த மீன் குஞ்சோட இருதயத்துல வெளக்கு எரியோணும்!”

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

என் மகள் கார்த்திகா ஜெர்மனியில் வரிக்குதிரை மீனை ஆராய்கிறாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, கோடு போட்ட மீன். அதில் என்னதான் ஆராய்ச்சி?

“அம்மா, இருதயத்துக்கான ஜீன் ஒடம்பு பூரா இருக்குது. கண்ணுல இருக்குது, வால்லயும் இருக்குது. ஆனா இருதயத்துல மட்டுந்தான் வேல செய்யுது. ஏன்?”

எனக்கெப்படித் தெரியும்?

“நம்மூர் தெருவிளக்குக்கு ஸ்விட்ச் எங்கம்மா இருக்குது?”

பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாயி வீட்டு முன்னால். விளக்கு எங்கள் வாசலில், ஸ்விட்ச் ஒரு தோட்டம் தள்ளி. அதுபோல ஜீனைவிட்டுத் தள்ளியிருக்கும் ஒரு டி.என்.ஏ. துண்டுதான் ஸ்விட்சாம். சந்தேகப்படும் துண்டை ஒளிரும் ஜீன் ஒன்றோடு சேர்த்து, அப்போதுதான் இட்ட முட்டைக்குள் ஊசியால் செலுத்துகிறாள். குஞ்சின் இருதயம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தால்... அதுதான் ஸ்விட்ச்!

எத்தனையோ துண்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒன்றும் எரியவில்லை.

“எரியட்டும்மா, அடுத்த ப்ளைட்டுல வாரேன்” என்றாள். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் இல்லாமலே இரண்டு பொங்கல் போய்விட்டது. பலாப்பழம் வெட்டினால் கை தானாக அவளுக்கு நாலு சுளை ஒதுக்குகிறது. சாயங்காலம் அதை நானே தின்கிறேன். இனிக்கவா செய்யும்?

செவ்வாய்க்கிழமை போன்.

“எரிஞ்சிருச்சும்மா! இருதயம் மட்டும்!”

வீடியோவும் அனுப்பினாள். கடுகளவு பச்சை, சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அழுதுவிட்டேன்.

“எப்பக் கண்ணு வார?”

“இனிமேத்தாம்மா நெசமான வேலையே. அந்த ஸ்விட்ச மீன்ல இருந்து எடுத்துட்டா இருதயம் என்னாகுதுன்னு பாக்கோணும். அந்த மீன் வளந்து, முட்ட போட்டு... அடுத்த வருசம் ஆயிரும்மா.”

“நல்லதுதான் கண்ணு” என்றேன். எரியாமலே இருந்திருந்தால் அலுத்துப்போய் வந்திருப்பாளோ — ஒரு நொடி அப்படியும் நினைத்தேன். பெற்ற மனசு!

சாயங்காலம் பாப்பாயி வீட்டுப் பக்கம் போயிருந்தேன். ஸ்விட்சைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க்கா, பொண்ணு எப்ப வருதுங்க?”

“வெளக்கு எரிஞ்சிருச்சு பாப்பாயி. அதனால வரல.”

“எரிஞ்சாத்தான வாரேன்னு சொல்லுச்சுங்க?”

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாசல் விளக்கு எரிவது அங்கிருந்தே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாவிளக்கு போடப் போகிறேன். வேண்டுதல் பலித்துவிட்டதே!

ஆனால் இந்தத் தடவை மீனை நடுவில் இழுக்க மாட்டேன்... பிள்ளை வரணும் என்று நேராகவே கேட்டுவிடுவேன்.