வலங்கைமானிலிருந்து எல்க் வேட்டைக்கு

அடுத்தவர் பயணத்துக்குப் பெட்டி கட்டச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரே சௌகரியம், அந்தப் பெட்டியை நாம் தூக்க வேண்டியதில்லை. மற்றபடி, வீட்டில் தனியாக உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு பேசிப் பிழைக்கிற யாராவது இதைப் படித்தால், பாதி சொல்வதற்குள் உங்களுக்கு மீதி புரிந்துவிடும்.

அமெரிக்காவில் மேற்கே, மலைப்பக்கம், எல்க் வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகிற ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. எல்க் என்பது மான் ஜாதிதான். ஆனால் நம் உழவு மாட்டைத் தோற்கடிக்கிற உடம்பு. அங்கே அரசாங்கமே சீசன் வைத்து, லைசென்ஸ் கொடுத்து, அதைச் சுட விடுகிறது. வழிகாட்டி, குதிரை, கூடாரம், சாப்பாடு எல்லாம் கம்பெனியின் பாடு. வருகிறவர் என்ன பூட்ஸ் வாங்க வேண்டும், எத்தனை சாக்ஸ், எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்பதெல்லாம் என் பாடு. காலை ஐந்தரையிலிருந்து பத்து மணி வரை வேலை. அங்கே அது சாயங்கால நேரம். குத்தாலத்தில் நான் வைத்திருந்த பிரவுசிங் சென்டரைச் செல்போன் வந்து மூடிவிட்ட பிறகு, ஏழு வருஷமாக இதுதான் சோறு போடுகிறது. வலங்கைமான் என்கிற என் ஊர்ப் பெயரில் ஒரு மான் இருப்பதைத் தவிர எனக்கும் வேட்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்க்கை நேரில் பார்த்ததும் இல்லை.

வீட்டில் நான் மட்டும்தான். மனைவி ஜெசிந்தா குவைத்தில் நர்ஸ். மகளைப் படிக்க வைப்பதற்காகப் போனவள், போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மகள் படித்து முடித்து, சென்னையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். இந்த வருஷத்தோடு ஜெசிந்தாவின் ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவாளா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாளா? இந்த ஒரு கேள்வியைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் இந்த சீசன் முழுக்க எல்லோருக்கும் சாக்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பழைய சங்கதிகளையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். என் சரக்கு எதுவும் கலக்கவில்லை.

உங்கள் எடை என்ன?

மலை ஏறுவது குதிரை மேல். இருநூற்றைம்பது பவுண்டுக்கு மேல் இருக்கிறவரைக் குதிரை சுமக்காது. அதனால் வருகிற எல்லோரிடமும் எடை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நம் பக்கம் பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட யாரும் எடை கேட்பதில்லை. நானோ முன்பின் தெரியாத ஆம்பளைகளிடம் காலங்கார்த்தாலே கேட்கிறேன்.

ஒருவர் இருநூற்று நாற்பது என்றார். குரலைக் கேட்டாலே ஆள் அதற்கு மேல் என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னதை எழுதிக்கொண்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. பக்கத்திலிருந்து அவர் மனைவி குறுக்கே வந்தார். இவர் வேண்டாம், வேண்டாம் என்கிறார். அந்த அம்மாள் விடுவதாக இல்லை. இவ்வளவு உரிமையோடு ஒருவர் எடையை இன்னொருவர் திருத்துவதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே பொறாமையும் வந்தது. போன வருஷத்துக்கு நான் மெலிந்திருக்கிறேனா, பெருத்திருக்கிறேனா என்று சொல்ல இந்த வீட்டில் ஒரு ஆள் கிடையாது. அந்த அம்மாள் சொன்னது இதுதான்:

"அவர் சொன்னதோட முப்பது பவுண்டு கூட்டிப் போட்டுக்குங்க. இருபது வருஷமா அவருக்குப் பேண்ட் வாங்கறது நான்தான்."

பட்டியலில் ஒரு துண்டு

கம்பெனி கொடுத்த பட்டியலில் முதல் விதியே பருத்தி கூடாது என்பதுதான். மலையில் பனி பெய்யும். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், ஆளையே கொன்றுவிடும். எல்லாம் கம்பளியாக இருக்க வேண்டும். இதை நான் பருத்திக் கைலி கட்டிக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் வேர்வை வழிய உட்கார்ந்து, வேட்டைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மிரட்டிச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்தப் பட்டியலைப் படித்தேன். ஐம்பது பவுண்டுக்குள், அதாவது நம் அரிசி சிப்பம் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவாக, ஏழு நாளைக்கான எல்லாமும் அதில் இருந்தது. தலையில் மாட்டுகிற விளக்கு, கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, இறைச்சி கட்ட மெல்லிய பை எல்லாம் உண்டு. தோளில் போட ஒரு துண்டு மட்டும் இல்லை. துண்டு இல்லாமல் ஒரு மனிதன் வெளியூர் கிளம்புவான் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. யாரோ டைப் அடிக்கும்போது விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, நானாகவே கடைசி வரியில் 'பருத்தித் துண்டு, ஒன்று' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். அந்த சீசனில் வந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு துண்டோடு மலை ஏறியிருக்கிறார்கள். வேலை போயிற்று என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, தலைமை வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது:

"துண்டை யார் சேர்த்தாங்கன்னு தெரியல, எதுக்குன்னும் புரியல. எடுத்துடாதீங்க, மழையில நனைஞ்ச குதிரையைத் துடைக்க அதுதான் தோதா இருக்கு."

கொல்லையிலிருந்து ஒரு பதில்

நான் எந்த ஊரில் இருந்து பேசுகிறேன் என்று சொல்லக் கூடாது. என் பெயர் அந்தோணி, போனில் டோனி. மலையடிவாரத்து ஆபீஸில் காப்பி குடித்துக்கொண்டிருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டால், நினைத்துக்கொள்ளட்டும்.

ஆண் எல்க் இணை தேடும் காலத்தில் நீளமாகக் கத்துமாம். அதேபோல் ஊதி அதை வரவழைக்க ஒரு ஊதுகுழல் விற்கிறார்கள். புதிதாக வாங்கிய ஒருவர், சரியாக ஊதுகிறேனா என்று கேட்டு, போனிலேயே ஊதிக் காட்டினார். எது சரி என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? நன்றாகக் கேட்கட்டுமே என்று ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன். அவர் இன்னொரு தரம் ஊதினார். பக்கத்து வயல் நாற்றங்காலில் விதை நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த மயில் ஒன்று, கொல்லைச் சுவரில் ஏறி நின்று, அதைவிடப் பலமாகப் பதில் கொடுத்தது. லைனில் இருந்தவர் ஊதுவதை நிறுத்தினார். பிறகு ரகசியக் குரலில் சொன்னார்:

"டோனி, உங்க பக்கத்துலயே ஒண்ணு நிக்குது. அசையாம இருங்க."

நாலு ஜோடி சாக்ஸ்

இந்த வருஷம் ஜூலையில் வந்த போன் இது. பெரியவர் ஒருவர், வயது எழுபதை ஒட்டி இருக்கும். முப்பது வருஷமாக ஒரே கூட்டாளியோடு வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இந்தத் தரமும் இரண்டு பேருக்கும் இடம் பிடித்திருந்தார். வசந்த காலத்தில் கூட்டாளி இறந்துவிட்டார். "நான் தனியா வரலாமா டோனி?" என்று கேட்டார்.

எங்கள் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. வரலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லக் கூடாது. வா என்று சொல்லி மலையில் ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி தலையில் விடியும். வராதே என்றால் வியாபாரம் போகும். வந்தால் என்ன எடுத்து வர வேண்டும், அதை மட்டும் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி, புது பூட்ஸானால் இரண்டு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள் என்றேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். நான் கையுறைக்குப் போனேன். மூன்றாவது தரமும் கேட்டார். "வாங்க ஐயா, அவர் பேரைச் சொல்லிக்கிட்டே ஏறுங்க" என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கம்பெனி அன்றைய பேச்சுகளின் பதிவைப் பரிசோதித்ததில் எனக்கு முழு மார்க். அவர் போனை வைக்கும்போது சொன்னது:

"நான் வரலாமான்னு கேட்டேன், நீங்க சாக்ஸ் எத்தனைன்னு சொன்னீங்க. பரவாயில்ல டோனி, நாலு ஜோடி, எழுதிக்கிட்டேன்."

நூர்ஜஹான் கேட்டது

என் பேச்சுக்கு மார்க் போட்டவள் நூர்ஜஹான். அதே கம்பெனிக்கு, கூத்தாநல்லூரில் அவள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். ஐந்து வருஷமாகத் தினம் பேசுகிறோம், நேரில் பார்த்ததில்லை. ஒரு மணி நேர பஸ் தூரம்தான். இரண்டு பேருமே கிளம்பவில்லை.

அன்று மார்க்கைச் சொல்லிவிட்டு, "அந்தோணி அண்ணே, அண்ணி அடுத்த மாசம் வர்றாங்களே, வந்தா இருந்துடுவாங்களா?" என்று கேட்டாள். நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை என்றேன். அவளாகச் சொல்லுவாள் என்று காத்திருப்பதாகச் சொன்னேன். நூர்ஜஹானுக்கு இந்த விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க முடியாது. வெளிநாடு போவதை அவர்கள் ஊரில் சபர் என்பார்கள். அவள் அத்தா, அண்ணன், கட்டின மாப்பிள்ளை மூவரும் சபரிலேயே காலத்தைக் கழித்தவர்கள். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்:

"சபர் போனவங்க யாரும் தானா நின்னு நான் பாத்ததில்லண்ணே. வீட்டுல ஒருத்தர் வாயைத் தொறந்து, போதும் இருன்னு சொன்னாத்தான் நிப்பாங்க."

விட்டுப்போன தேதி

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜெசிந்தா வந்தாள். முப்பது நாள் லீவு. எனக்கோ சீசன் உச்சம். ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. தினமும் காலையில் நான் பேசுவதை, அடுப்படியிலிருந்து காப்பி டம்ளரோடு வந்து, வாசல்படியில் சாய்ந்துகொண்டு கேட்பாள். "அந்தாளுக்குக் கால்ல கொப்புளம் வந்தா உங்களுக்கு எவ்வளவு கவலை" என்று கேலி செய்வாள். பதினோரு வருஷத்தில் என் காலைப் பொழுதுகள் அப்படி இருந்ததே இல்லை.

அவள் போகக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். சொல்லவில்லை. அவள் சம்பாத்தியத்தில் மகள் படித்தாள், கூரை மாறியது. எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக வேலையை விடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தேன். பெரிய மனசு என்று அப்போது நினைப்பு. இருக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் அது.

மூன்றாவது வாரம் ஒரு நாள், மணி பத்தாகி நான் ஹெட்செட்டைக் கழற்றும்போது வந்தாள். கையில் நாலு தாள். கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து, நிரப்பி வைத்திருந்தாள். "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்காங்க. பாருங்க" என்று கீபோர்டு மேல் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். நான் பார்த்தேன். ஏழு வருஷமாகப் படிவம் பார்த்த கண் அல்லவா. "மூணாம் பக்கத்துல தேதி விட்டுப்போச்சு. பாஸ்போர்ட் நம்பர்ல ஒரு எழுத்து தப்பு. இப்படியே அனுப்புனா திருப்பிடுவாங்க" என்றேன். தப்பான இடத்தில் பென்சிலால் வட்டமும் போட்டுக் கொடுத்தேன். அவள் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து திருத்தி, கையெழுத்துப் போட்டாள். ஸ்கேன் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அன்பைக் காட்டினேன். அவளுக்குப் பட்டியல் போட்டேன். மாவடு இரட்டைப் பையில், கருவாடு மூன்று சுற்றுக் காகிதத்தில், நின்றே வேலை பார்க்கிற காலுக்கு இறுக்கமான சாக்ஸ், இடுக்கில் இட்லிப்பொடி. தராசில் வைத்து வைத்து எடுத்தேன். திருச்சி விமான நிலையம் வரை காரில் கூடவே போனேன். டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் போகலாம் என்கிற கதவருகே தள்ளுவண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பாஸ்போர்ட், டிக்கெட், தண்ணீர் என்று நான் வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அந்தத் தாளை நான் திருத்தறதுக்குக் கொடுக்கலீங்க. நீங்க கிழிச்சுப் போடுவீங்கன்னு கொடுத்தேன்."

பெட்டி மட்டும் முப்பது கிலோவுக்கு நூறு கிராம் குறைவாக, கட்டியவன் பேரைக் காப்பாற்றுகிற மாதிரி, ஒரு பொட்டலம்கூடப் பிரியாமல் குவைத் போய்ச் சேர்ந்தது.