தலைமைப் பண்புப் படிவம்

செம்மேட்டில் மிளகு வாங்கும் கடையொன்றில் மேற்பார்வையாளராக இருந்துகொண்டே அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படித்தேன். தலைமைப் பண்புத் தேர்வுக்கு முன், எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் என்னை மதிப்பிட்டுப் படிவம் நிரப்பித் தர வேண்டும். எனக்குக் கீழே இருந்தது எடை போடும் அக்கா ஒருவர்தான். அவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தேன். கல்லூரி அனுப்பிய மீதிப் படிவங்களை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், சந்தைக்கு வந்தவர்கள் ஆதார் நகலோடு வரிசையில் நிற்கிறார்கள்.

"என்ன ஃபாரம்னு கேட்டாங்க. ஆபீஸ் ஃபாரம்னேனுங்க" என்றார் அக்கா.

"ஏனுங்க, கவர்மெண்டுல ஊடு கட்டறதுக்குக் குடுக்கறதுதானுங்களே?" என்றார் முன்னால் நின்ற விவசாயி.

"இல்லீங்க. நான் எப்படி வேலை வாங்கறேன்னு கேக்கற ஃபாரமுங்க."

"நல்லாத்தான் வாங்கறீங்க. போட்டோ எங்க ஒட்டறதுங்க?"

யாரும் நகரவில்லை. 'உங்கள் தலைவர் உங்கள் பேச்சைக் கேட்கிறாரா?' என்ற கேள்விக்கு, ஊருக்கு ரோடு வரவில்லை என்று பலர் எழுதினார்கள். கிழித்துப்போட மனம் வராமல் எல்லாவற்றையும் கல்லூரிக்கு அனுப்பிவைத்தேன். பல தரப்பினரிடமும் கருத்துக் கேட்டதாகப் பாராட்டி, அந்தப் பாடத்துக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

அந்த விவசாயி இப்போதும் சந்தை நாளில் வந்து, தன் படிவம் என்ன ஆனது என்று விசாரிக்கிறார்.

"மேல போயிருக்குதுங்க" என்கிறேன்.