வரும்போது மட்டும் பேசிய வண்டி

எங்கள் பிளாக்கில் எந்த வண்டி ஓடினாலும் சரி, நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவர் பெயர், வண்டியில் தேய்ந்திருக்கும் பல்சக்கரம், அன்று காலை அவர் சாப்பிட்ட பலகாரம் மூன்றையும் சொல்லிவிடுவேன். பலகாரம் கொஞ்சம் அதிகப்படி. பல்சக்கரமும் அதிகப்படிதான். பெயர் மட்டும் உண்மை. அதுவும் ஒரே ஒருவருடைய பெயர்: பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெரியண்ணன்.

பெரியண்ணன் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்தவர். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் ரோலர்கள் உருளும். அதன் ஓரமாகவே நடந்து, எந்த ரோலர் முனகுகிறது என்று காதால் கண்டுபிடித்துச் சாக்பீஸால் குறி போடுவது அவர் வேலை. அவர் குறி போட்டால் ரோலர் தானாகக் கழன்று வந்து மன்னிப்புக் கேட்கும் என்று சுரங்கத்தில் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொண்டது வேறு யாருமில்லை, நான்தான். டவுன்ஷிப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தியவள் சொன்னால் நாலு பேர் நம்பத்தான் செய்தார்கள்.

சத்தம் வந்தால் அது நோய் என்பார் பெரியண்ணன். தொய்வு அதைவிட மோசம். பெல்ட் தொய்ந்தால் வழுக்கும், வழுக்கினால் ஷிப்ட்டே நின்றுபோகும். முப்பது வருஷத்தில் அது அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது.

அப்பேர்ப்பட்டவருடைய பழைய புல்லட்டிலேயே ஒரு சத்தம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் பெல்ட் இரைச்சலில் நின்ற காது, தலையில் ஹெல்மெட் வேறு. தெரிந்தது அவர் மனைவி ராஜாம்பாளுக்கு.

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டேகால் மணிக்கு அவர் வந்து கால் கழுவி உட்காரும்போது, தட்டில் அப்பளம் அப்போதுதான் பொரிந்து படபடத்துக்கொண்டிருக்கும். ஒரு நாளும் நமுத்ததில்லை. மூன்று மணிக்கு வந்தாலும், மூன்றரைக்கு வந்தாலும் அப்படியேதான். இதை இருபது வருஷம் சாப்பிட்ட பிறகு, எப்படி என்று கேட்க அவருக்குத் தோன்றியது. அந்த வேகத்தைப் பாருங்கள்.

"உங்க வண்டிதான் சொல்லுதே," என்றாளாம் ராஜாம்பாள். "தண்ணி டேங்க் முக்குல திரும்பசொல்ல கடகடன்னு ஒரு பேச்சு பேசும். அப்பவே எண்ணெய அடுப்புல ஏத்திடுவேன்."

மனுஷர் கூனிக் குறுகிப்போனார். ஊரார் ரோலருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் வண்டிக்கு நோயா? மறுநாளே பின்சக்கரச் செயினைப் பார்த்தார், மட்கார்டை முடுக்கினார், ஸ்டாண்டின் ஸ்பிரிங்கை மாற்றினார். சத்தம் போகவில்லை. தினமும் சோற்றைப் போட்டுக்கொண்டே ராஜாம்பாள், இன்னிக்கும் பேசிச்சு என்பாள். சுவர் தாண்டி எனக்குச் சிரிப்பு கேட்கும்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. பொங்கல் கழித்து அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் அவர் சத்தத்தை வெறியோடு தேடினார். வீட்டில் செய்ய வேறென்ன இருந்தது? நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, ஒவ்வோர் அங்குலமாக நகர்த்திக் கேட்டார். இடது பக்கத்தில், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் உள்செயின் ஒன்று மூடிக்குள் இருக்கிறது. அங்கேதான் சத்தம். திறந்து பார்த்தால் செயின் தொய்ந்து கிடந்தது. பெல்ட் ஆள் என்ன செய்வார்? விரலால் அசைக்க முடியாதபடி இறுக்கிவிட்டார். கடகட போய்விட்டது. அதற்குப் பதில் கொசு பாடுவது மாதிரி ஒரு மெல்லிய ஊளை வந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு நாள் கழித்து அவர் குழாயடியில் வாளி பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தீர்கள், வண்டிச் சத்தமே கேட்கவில்லையே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாளி நிரம்பி வழிந்து அவர் காலை நனைத்தது. அவர் குழாயை மூடவே இல்லை.

"நான் அத ஒரு தடவகூட கேட்டதில்லீங்க டீச்சரம்மா," என்றார். "எப்பவும் அது மேலதான குந்தினு வந்தேன்."

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. அந்தச் சமையலறைக்குள் நின்று, தன் வண்டி வருவதை ராஜாம்பாள் கேட்ட மாதிரி ஒரு தடவை கேட்க வேண்டும். ஒத்திப்போட்டுக்கொண்டே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் ரிட்டயர் ஆனார். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குறிஞ்சிப்பாடியில் மகள் மலர்கொடி மாடியறையை ஒழித்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சமையலறை வேறு யாருடையதோ.

வடலூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் இன்னாசிராஜிடம் வண்டியைக் கொண்டுபோனார். அவன் மூடியைத் திறந்து, செயினை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தானாம்.

"இன்னா அண்ணே இது, செயினா வீணைக் கம்பியா? சூடாச்சின்னா இன்னும் இறுகுங்க. இப்படியே வுட்டா பேரிங்க தின்னுட்டுதான் ஓயும்."

செயினைச் சுற்றிவிட்டு, அது மிக இறுக்கமாக நிற்கிற இடத்தில் கால் அங்குலம் மேலும் கீழும் ஆடுகிற மாதிரி வைத்தான். இன்னும் தளர்த்தச் சொன்னார் இவர். சத்தம் வரணும் என்று வண்டி கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று அவன் சிரித்தான். ஆனால் அதற்கு மேல் ஒரு நூல்கூடத் தளர்த்த மாட்டேன், செயின் மூடியை அறுத்துவிடும் என்று மறுத்துவிட்டான்.

காலி செய்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சை வைத்தோம். இன்னாசிராஜ் வண்டி ஓட்ட, பெரியண்ணன் சமையலறை ஜன்னலில். அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்த ஒரே உயிர் நான் என்பதால், என் வீட்டுக் கேட்டருகே சாட்சியாக நான்.

முதல் தடவை வண்டி வந்தது. ஊளை இல்லை. கடகடவும் இல்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை, இதுதான் என்று சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். இதைவிட அற்பமான காரியங்களுக்கெல்லாம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. காலையில் அவர் ஷிப்ட்டுக்குப் புறப்படும்போது அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. வரும்போது மட்டும்தான். இதை இன்னாசிராஜிடம் சொன்னதும் அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"போறப்ப எஞ்சின் இழுத்துகினு இருக்கும், செயின் வெறப்பா நிக்கும். ஆக்சிலேட்டர வுட்டாதான் தொங்கி அடிக்கும். நான் முறுக்கிகினே வந்துட்டனே டீச்சர்."

பெரியண்ணன் ஜன்னலிலிருந்து, டேங்க் முக்கு ஸ்பீடு பிரேக்கரிலேயே முழுசாக விட்டுவிடுவேன் என்றார். அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அங்கிருந்து வீடு வரை வண்டி தானாகவே உருண்டு வரும்.

நாலாவது தடவை இன்னாசிராஜ் ஸ்பீடு பிரேக்கரில் ஆக்சிலேட்டரை விட்டான். வந்தது. பழைய அளவுக்கு இல்லை, பாதிதான் இருக்கும். வெற்றிலைப் பெட்டியில் பாக்குகள் உருளுகிற மாதிரி ஒரு கடகட. பேச்சுதான் அது. கையைத் தூக்கிக் காட்டினேன்.

பெரியண்ணன் இன்னும் ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினார். இன்னாசிராஜ் சுற்றிக்கொண்டு போய் ஐந்தாவது தடவையாக அதே மாதிரி உருட்டிக்கொண்டு வந்தான். அப்போதும் அவர் கம்பியைப் பிடித்தபடி, சிலை மாதிரி அந்த ஜன்னலிலேயே நின்றார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியதை நான் என் கேட்டிலிருந்தே பார்த்தேன்.

இதுவரை எழுதியதை, குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு போக வந்த பெரியண்ணனிடம் படித்துக் காட்டினேன். ரோலர் மன்னிப்புக் கேட்ட இடத்தில் சிரித்தார். முடித்ததும் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"மத்ததெல்லாம் சரிதாங்க டீச்சரம்மா," என்றார். "கடைசித் தடவ நான் ஜன்னல்ல இல்லீங்க. அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேன். எண்ணெ காஞ்சிகினு இருந்துச்சி. அது முக்குல பேசுனதும் அப்பளத்தப் போட்டேன்."