ஐந்நூறு வாட் வெளிச்சம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அத்தை முதலில் தரையைத்தான் பார்ப்பாள். ஆட்கள், நாற்காலி எல்லாம் அப்புறம். வாசலில் ஒரு நொடி நின்று சுவரோரமாகக் கண்ணை ஓட்டுவாள். வயர் எதுவும் குறுக்கே கிடந்தால் குனிந்து கையால் எடுத்துச் சுவரோடு ஒதுக்கி வைப்பாள். அதன் பிறகுதான் "எப்படி இருக்கீங்க?" என்பாள். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில்கூட டேபிள் ஃபேன் வயரைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். சுத்தம் பார்க்கிற ஆள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை. வந்தவரின் காதுக்குப் பின்னால் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டினால் போதும், ஃபிரேமின் எந்தக் கையை எவ்வளவு வளைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "பொருத்தமான ஃபிரேம் கிடைக்கல" என்பாள். எங்கள் வீட்டு மாடி அறைதான் அவளுடையது. அந்த அறையிலிருந்து ஒருநாளும் பாட்டுச் சத்தம் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. கட்டைக் குரலில் ஓர் அம்மா இறங்கினார்.

"தடுக்கி இருக்காளாப்பா?"

"யாரு?"

"உங்க அத்தைதான். நீ அவ அண்ணன் பையனா? அதே திருட்டு முழி."

அத்தை படியிறங்கி வந்தாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். "அடிப்பாவி, இடி!" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு இருபத்தைந்தாவது வருடம். அடுத்த மாதம் சின்னதாக ஒரு விழா. பள்ளிக்கூட நாட்களில் இவர்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வைத்திருந்த 'நாலாம் மாடி' என்ற இசைக்குழு அதில் வாசிக்க வேண்டும். டிரம்ஸுக்கு அவரே. பாடுகிறவள் இப்போது பல் டாக்டர், ஒத்துக்கொண்டாள். கீபோர்டுக்காரி வெளியூரிலிருந்து வருகிறாள். பாக்கி, பேஸ் கிதார் வாசித்த அத்தை.

எனக்குக் கேட்டது சரிதானா என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நான் வரல" என்றாள் அத்தை. "வயர் இல்லாத கிதார் கண்டுபிடிச்சா சொல்லு, வரேன்."

"அதெல்லாம் கண்டுபிடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சுடி. நீ எந்தக் காலத்துல இருக்க?"

அத்தை சிரித்தாள். ஆனால் தலையை ஆட்டி முடியாது என்றுவிட்டாள்.

"சரி, அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒத்துக்கல, கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியாம என்கிட்ட ஒருத்தி படிக்கிறா, அவ கையில கிதாரைக் குடுத்துருவேன். அதுவரைக்கும் போஸ்டருக்கு ஒரு போட்டோவாவது தேடி வை. உங்கப்பா எடுக்காத போட்டோவா!"

தாத்தா இறந்து நான்கு வருடம் ஆகிறது. குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். கேமராவை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார். ஆனால் வீட்டுக்குள் அவர் எடுத்த படங்கள் எல்லாமே ஒரே இருட்டு. இது மாமாவா மேஜையா என்று எங்களுக்குள் பந்தயமே நடக்கும். "ஜன்னல் வெளிச்சம்தான் இயற்கை" என்று சாதிப்பார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் வரிசை எண்ணும் வெளிச்சமும் குறித்து வைப்பார். என் முதல் பிறந்தநாள் படத்தின் பின்னால் என் பெயர் கிடையாது. "ஜன்னல் வெளிச்சம். குழந்தை அசைந்துவிட்டது" என்றுதான் இருக்கும்.

அலமாரியிலிருந்த மூன்று அட்டைப் பெட்டிகளையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அந்த ஒல்லிப் புத்தகத்தையெல்லாம் கட்டில்ல இருந்து எடுடா" என்றாள் அத்தை. நான் பாதி படித்துவிட்டு அவள் அறையில் போட்டிருந்த கவிதைத் தொகுப்புகள். "நாலு வார்த்தைய எழுதிட்டு மீதிப் பக்கத்தைக் காலியா விட்டு விக்கிறாங்க. நல்ல வியாபாரம்."

இசைக்குழுவுக்கென்று ஒரு படமும் இல்லை. குடும்பப் படங்களின் ஓரங்களில்தான் அது ஒளிந்திருந்தது. அப்பா பட்டம் வாங்கிய அன்று மொட்டை மாடியில் எடுத்த படத்தில், அவருடைய அங்கிக்குப் பின்னால் ஒரு டிரம் பாதி தெரிந்தது. சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது எடுத்த படத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெண் வாயைத் திறந்தபடி கடைசியில் நின்றாள்.

"பல் டாக்டர்" என்றாள் அத்தை. "அப்பவும் வாயை மூடமாட்டா."

"ஏன் நாலாம் மாடி? இந்தக் கட்டடத்துல மூணு மாடிதானே?"

"மொட்டை மாடியிலதானே பழகினோம். கீழ் வீட்டுக்காரர் தினமும் வந்து 'எந்த மாடியில இருந்து இந்தச் சத்தம்?'னு கேப்பாரு. நாலாம் மாடின்னு சொல்லி அனுப்பிருவோம். பாவம், படியேறி வந்து வந்து தேடுவாரு."

மூன்றாவது பெட்டியில் அந்த இரண்டு படங்கள் கிடைத்தன. பள்ளிக்கூட மண்டபம், மேடை, நான்கு பெண்கள். அத்தை அவற்றைக் கையில் வாங்கவில்லை. அவர்கள் மேடையேறியது ஒரே ஒரு முறை என்றும் அது இதுதான் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டாவது பாட்டு. சரணம் ஆரம்பிக்கிற இடம். என் கால்ல ஒரு வயர் தட்டிச்சு. அடுத்த நொடி மைக், கிதார், கீபோர்டு எல்லாம் அவுட். டிரம்ஸ் மட்டும், பஸ் நின்னது தெரியாம ஓட்டிக்கிட்டே போற மாதிரி, தனியாப் போய்க்கிட்டிருந்துச்சு. மண்டபமே சிரிச்சுது. யாரோ திரைக்குப் பின்னாடி போய்ப் பார்த்தா ஆம்ப்ளிஃபயரோட ப்ளக் தரையில கிடக்குது. தடுக்கின்னு பேரு வந்துச்சு. அதுக்கப்புறம் நான் பழகப் போகல. பேஸ் இல்லாம என்ன குழு? கலைஞ்சு போச்சு."

"தாத்தா என்ன சொன்னாரு?"

"வீட்டுல நான் இதைப் பத்திப் பேசவே இல்லடா. அவரும் கேக்கல."

தரையைப் பார்த்துக்கொண்டே அவள் வாழ்ந்த முப்பத்துநான்கு வருடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. படங்களைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன்.

"எண் 11. வெளிச்சம் போதவில்லை."

"எண் 12. 500 வாட் விளக்கு. வெளிச்சம் பிரமாதம்."

மறுபடி முன்பக்கம். பதினொன்றில் மேடை மங்கலாக இருந்தது, விரல்கள் வாசிப்பில் கலங்கியிருந்தன. பன்னிரண்டில் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். பாடுகிறவள் கையிலிருந்த மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை வாய் பிளந்து நின்றாள்.

"அத்தை, மேடையில எத்தனை ப்ளக் பாயிண்ட்டு இருந்துச்சு?"

"ஒண்ணே ஒண்ணு. திரைக்குப் பின்னாடி."

"அப்போ இந்த விளக்கை எதுல சொருகினாரு?"

அத்தை என்னைப் பார்த்தாள். எழுந்து போய், லென்ஸில் கீறல் பார்க்கிற சின்ன பூதக்கண்ணாடியை எடுத்து வந்து கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தாள். பதினொன்றில் ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டில் அது இல்லை. அவள் காலைச் சுற்றிக் கிடந்த வயர் ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகவில்லை. மேடையை விட்டு இறங்கி, வெளிச்சம் வருகிற பக்கமாகப் போயிற்று. யாரும் தேடிப் போவதற்குள் தாத்தா விளக்கைக் கழற்றியிருக்க வேண்டும்.

அத்தை நிமிரவில்லை. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். தோள் குலுங்கியது. சிரிப்பு.

"அடப்பாவி அப்பா! போட்டோ நல்லா வரணும்னு பாட்டையே பிடுங்கிட்டியேப்பா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ஏய் இடி, அந்தக் கிளட்ச் தெரியாத பொண்ணை வீட்டுக்கு அனுப்பிரு" என்றாள். மறுமுனையில் எழுந்த கூச்சல் எனக்கே கேட்டது.

விழா மேடையில் அத்தை முதலில் தரையைத்தான் பார்த்தாள். எல்லா வயரையும் ஒதுக்கினாள். பிறகு நிமிர்ந்து எதிரிலிருந்தவர்களைப் பார்த்தாள். அதே இரண்டாவது பாட்டு, இந்த முறை முடிவு வரை போனது. நான் படம் எடுத்தேன். அசைந்துவிட்டது.

அடுத்த வாரம் கிதாரின் உறையைத் தேடிப் பரணில் ஏறியபோது, சணல் கயிறால் கட்டிய ஒரு பெட்டி கையில் பட்டது. உள்ளே அந்த விளக்கு, துணி சுற்றி, பல்புகூட உடையாமல் இருந்தது. வயரின் முனையில் ப்ளக் இல்லை. கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தது. மூடியின் உள்பக்கம் தாத்தாவின் பென்சில் எழுத்து. தேதி, பள்ளிக்கூட விழாவுக்கு மறுநாள்.

"விளக்கு நல்ல நிலையில் உள்ளது. உபயோகிக்க வேண்டாம்."